பன்னாட்டு உறவுகள் பாடத்தில் இனம்: தொடங்குபவர்களுக்கு ஓர் அறிமுகம்

பன்னாட்டு உறவுகள் படிக்கச் சேரும் மாணவருக்கு முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒரே கதைதான் சொல்லப்படுகிறது. 1648இல் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை கையெழுத்தானது. இறையாண்மை உள்ள அரசுகள் அதிலிருந்து உருவாயின. 1914இல் முதல் உலகப்போர் வெடித்தது. இனி இப்படியொரு போர் வரக் கூடாது என்ற கவலையில் 1919இல் வேல்ஸின் அபரிஸ்ட்வித் நகரில் இந்தத் துறைக்கான முதல் பேராசிரியர் இருக்கை நிறுவப்பட்டது. டேவிட் டேவிஸ் என்ற செல்வந்தர் பணம் கொடுத்தார். ஆல்ஃபிரட் சிமர்ன் முதல் பேராசிரியர் ஆனார். பிற்பாடு அந்த இருக்கைக்கு அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் பெயர் சூட்டப்பட்டது. பிறகு, சட்டத்தாலும் அமைப்புகளாலும் போரைத் தடுக்கலாம் என்ற இலட்சியவாதிகளுக்கும், நாடுகளின் பலமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற யதார்த்தவாதிகளுக்கும் வாதம் நடந்தது. 1979இல் கென்னத் வால்ட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் யதார்த்தவாதத்துக்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தார்: அரசுகளுக்கு மேலே அதிகாரம் எதுவும் இல்லை, ஆகவே ஒவ்வோர் அரசும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதில் வரும் ஆண்டுகள் எல்லாம் சரி. ஆனால் இந்தக் கதை நடந்த காலத்தில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்ந்த கோடிக்கணக்கான மக்கள் யாருடைய ஆட்சியில் இருந்தார்கள், அந்த ஆட்சிக்கு என்ன நியாயம் சொல்லப்பட்டது என்ற கேள்விக்கே இதில் இடமில்லை. நியாயமாகச் சொல்லப்பட்டது பெரும்பாலும் இனம்தான்: இவர்கள் தங்களைத் தாங்களே ஆளத் தகுதி பெறாதவர்கள், நாங்கள் தகுதி பெற்றவர்கள் என்ற வாதம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறை இனத்தைக் கவனிக்கத் தவறிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. துறை தொடங்கியதே இனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டுதான். பிறகு அந்தப் பேச்சு பாடப்புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதன் மேல் எழுந்த கட்டுமானம் அப்படியே நின்றது. இன்று வகுப்பறையில் செய்ய வேண்டிய வேலை, எடுக்கப்பட்டதை உரிய இடத்தில் திருப்பி வைப்பது.

எதை இனம் என்கிறோம்

மனிதர்களை வெள்ளையர், கறுப்பர், மஞ்சள் நிறத்தவர் என்று பிரிப்பதற்கு மரபணுவில் தெளிவான எல்லை எதுவும் கிடையாது. 1972இல் ரிச்சர்ட் லெவொன்டின் என்ற மரபியலாளர் கணக்கிட்டபோது, மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே காணப்பட்டது. இனங்களுக்கு இடையிலான வேறுபாடு என்று சொல்லப்பட்டதன் பங்கு மிகச் சிறியது.

அப்படியானால் இனம் என்று ஒன்று இல்லையா? உடலில் இல்லை, அரசியலில் இருக்கிறது. யார் நிலம் வாங்கலாம், யார் எந்த எல்லையைத் தாண்டலாம், யாருடைய நாட்டை நாடு என்று ஒப்புக்கொள்வது, யாருடைய சாவைப் போர்க்குற்றம் என்று கணக்கில் எடுப்பது ஆகிய முடிவுகளைப் பிறப்பையும் தோல் நிறத்தையும் வைத்து எடுத்த ஏற்பாடு அது. சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் எழுதி வைத்தார்கள். எழுதாத இடங்களில் பழக்கமாக நடத்தினார்கள்.

தொடங்குபவர்கள் இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தனி மனிதரின் மனத்தில் இருக்கும் வெறுப்பு வேறு, விதிகளுக்குள் இருக்கும் படிநிலை வேறு. எந்த வெறுப்பும் இல்லாத ஒரு தூதர், ஒரு பேராசிரியர், ஒரு விசா அதிகாரிகூட அந்தப் படிநிலையைத் தினசரி வேலையாக நடத்திக்கொண்டிருக்க முடியும். பன்னாட்டு உறவுகளில் இனத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இரண்டாவதைத்தான் பேசுகிறோம். ‘இந்த ஆள் இனவெறியரா?’ என்ற கேள்வியிலேயே வகுப்பு சிக்கிக்கொண்டால் பாடம் நகராது.

அந்தப் படிநிலைக்கு அப்பட்டமான உதாரணம் ஒன்று உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் லோரிமர் 1883இல் மனித குலத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்தார். நாகரிக மனிதர்களுக்கு முழு அங்கீகாரம். துருக்கி, பாரசீகம், சீனா, சயாம், ஜப்பான் ஆகியவை அரை நாகரிகத்தில் இருப்பதால் அரை அங்கீகாரம். மற்றவர்கள் காட்டுமிராண்டிகள், அவர்கள் மனிதர்கள் என்பதை மட்டும் ஏற்கலாம், அரசு நடத்துபவர்களாக ஏற்க வேண்டியதில்லை. பன்னாட்டுச் சட்டம் யாருக்குப் பொருந்தும் என்று அந்தக் காலத்தில் கல்விமான்கள் யோசித்த விதம் இது. ஒரு மூலையில் யாரோ எழுதிய துண்டறிக்கை என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

இருக்கைக்கு முன்னால் வந்த இதழ்

அபரிஸ்ட்வித் இருக்கைக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1910இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கிளார்க் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்விதழ் வெளிவரத் தொடங்கியது. ‘ஜர்னல் ஆஃப் ரேஸ் டெவலப்மென்ட்’ என்பது அதன் பெயர். இன வளர்ச்சிக்கான இதழ் என்று பொருள். ஜார்ஜ் பிளேக்ஸ்லியும் ஸ்டான்லி ஹாலும் அதைத் தொடங்கினார்கள். ‘பின்தங்கிய இனங்களை’ எப்படி ஆள்வது, எப்படி முன்னேற்றுவது, காலனி நிர்வாகம் எப்படி இருக்க வேண்டும் என்பவைதான் அதில் விவாதிக்கப்பட்டன. 1919இல் அதன் பெயர் ‘ஜர்னல் ஆஃப் இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்’ என்று மாறியது. 1922இல் அது ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழுக்குள் போய்ச் சேர்ந்தது. உலகெங்கும் வெளியுறவு அமைச்சகங்களில் இன்றும் படிக்கப்படும் அதே ‘ஃபாரின் அஃபேர்ஸ்’தான்.

முதல் வாரப் பாடத்தில் இந்த ஒரு தகவலைச் சேர்த்தாலே மாணவர்கள் கேட்கும் கேள்விகள் மாறிவிடும். போரைத் தடுக்கப் பிறந்த துறை என்று சொல்லித் தருகிறோம். பேரரசை எப்படி நடத்துவது என்ற கேள்வியிலிருந்தும் அது பிறந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த இதழிலேயே எதிர்க்குரலும் இருந்தது. கறுப்பின அமெரிக்க அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் அதில் எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் பிரச்சினை, மனிதர்களைத் தோல் நிறத்தால் பிரிக்கும் நிறக்கோட்டின் பிரச்சினை என்று 1903லேயே சொன்னவர் அவர். அமெரிக்காவின் உள்நாட்டு விவகாரத்தைப் பற்றிய வாக்கியமாகவே பலர் அதைப் படிக்கிறார்கள். அவர் அதே மூச்சில் ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் கடல் தீவுகளையும் சேர்த்தே சொன்னார். 1915இல், போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, அந்தப் போரின் வேர் ஆப்பிரிக்காவைப் பங்கு போடுவதில் இருக்கிறது என்று ‘அட்லாண்டிக்’ மாத இதழில் கட்டுரை எழுதினார். ஐரோப்பாவின் தொழிலாளர்களுக்கும் காலனிக் கொள்ளையில் சிறு பங்கு கிடைக்கிறது, அதனால் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து நாட்டுப்பற்றுடன் போருக்குப் போகிறார்கள் என்பது அவருடைய வாதம். ஏகாதிபத்தியம் பற்றிய லெனினின் புகழ்பெற்ற நூல் அச்சாவதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தைய கட்டுரை இது. லெனினின் பெயர் பாடத்திட்டத்தில் தவறாமல் இருக்கிறது. டு பாய்ஸின் பெயர் பெரும்பாலும் இல்லை.

1919 ஏப்ரல் 11: ஒரு வாக்கெடுப்பு

எனக்கு ஒரே ஒரு வகுப்பு கொடுத்தால் இந்த நாளைத்தான் எடுத்துக்கொள்வேன்.

பாரிஸ் சமாதான மாநாடு. ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் சாசனத்தை எழுதும் ஆணையத்தின் கடைசிக் கூட்டம். தலைமை நாற்காலியில் உட்ரோ வில்சன். இரண்டு மாதங்களுக்கு முன்பு, பிப்ரவரியில், ஜப்பானின் பிரதிநிதி மகினோ நோபுவாக்கி ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தார்: உறுப்பு நாடுகளின் குடிமக்களை இனத்தையோ தேசத்தையோ காரணம் காட்டிச் சட்டத்திலும் நடைமுறையிலும் வேறுபடுத்தக் கூடாது. அது எடுபடவில்லை. ஏப்ரலில் அவர் மீண்டும் எழுந்தபோது திருத்தத்தை மிகவும் மென்மையாக்கியிருந்தார். முகவுரையில் நாடுகளின் சமத்துவம், குடிமக்களை நியாயமாக நடத்துதல் என்ற கொள்கையை ஏற்கிறோம் என்று ஒரு வரி இருந்தால் போதும் என்றார். இனம் என்ற சொல்லே அதில் இல்லை.

பிரதிநிதிகள் 17 பேர். ஆதரவு 11. ஜப்பானுடன் பிரான்ஸ், இத்தாலி, சீனா, பிரேசில், கிரீஸ், செர்பியா, செக்கோஸ்லோவாக்கியா ஆகியவை சேர்ந்திருந்தன. எதிர்ப்பு வாக்குகளை எண்ணவே இல்லை. கடுமையான ஆட்சேபம் இருக்கிறது, ஒருமனதான முடிவு இல்லை, ஆகவே திருத்தம் ஏற்கப்படவில்லை என்று வில்சன் அறிவித்தார். பெரும்பான்மை ஆதரித்திருக்கிறதே என்று பிரெஞ்சுப் பிரதிநிதி சுட்டிக்காட்டியும் பயனில்லை.

யாருடைய ஆட்சேபம்? முன்னணியில் நின்றவர் ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ். பிரிட்டிஷ் பேரரசின் தூதுக்குழு அவருக்குப் பின்னால் நின்றது. ஆஸ்திரேலியாவில் 1901ஆம் ஆண்டிலிருந்து ஒரு குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதில் தோல் நிறம் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. கப்பலில் வந்து இறங்குபவருக்கு அதிகாரி ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் கொண்ட பகுதியைப் படித்துக்காட்டுவார்; வந்தவர் அதைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஆசியருக்கு அவர் கேள்விப்படாத ஒரு மொழியில் தேர்வு வைத்தால் கதை முடிந்தது. மென்மையாக்கப்பட்ட அந்த ஒரு வரி சாசனத்தில் நுழைந்தால் இப்படிப்பட்ட சட்டங்கள் ஆட்டம் காணும் என்பது ஹியூஸுக்குத் தெரிந்திருந்தது. வில்சனுக்கும் சொந்த நாட்டுக் கணக்கு இருந்தது. 1913இல் அவருடைய அரசு வாஷிங்டனில் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்கார வைத்திருந்தது.

கதையின் மறுபக்கத்தையும் விடக் கூடாது. சமத்துவம் கேட்ட ஜப்பான் 1910இலிருந்து கொரியாவை ஆண்டுகொண்டிருந்தது. 1919 மார்ச் 1 அன்று கொரியர்கள் விடுதலை கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். மகினோ பாரிஸில் பேசிக்கொண்டிருந்த அதே வாரங்களில் ஜப்பானியப் படை அவர்களைச் சுட்டுக்கொண்டிருந்தது. இனப் படிநிலையின் உச்சியில் இடம் கேட்பதும் படிநிலையே வேண்டாம் என்பதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக மாணவருக்குக் காட்ட முடியாது.

அதே சாசனத்தின் 22ஆவது பிரிவையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும். தோற்றுப்போன ஜெர்மனி, துருக்கியிடமிருந்து பறித்த பகுதிகளை என்ன செய்வது என்பது கேள்வி. நவீன உலகின் கடுமையான சூழலில் தாமாக நிற்க இன்னும் முடியாத மக்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களைப் பராமரிப்பது நாகரிகத்தின் புனிதப் பொறுப்பு என்கிறது அந்தப் பிரிவு. அந்தப் பகுதிகள் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. அரபுப் பகுதிகள் முதல் வகுப்பு, மத்திய ஆப்பிரிக்கா இரண்டாம் வகுப்பு, தென்மேற்கு ஆப்பிரிக்காவும் பசிபிக் தீவுகளும் மூன்றாம் வகுப்பு. லோரிமரின் வட்டங்கள் சற்று நாகரிகமான மொழியில் திரும்பி வந்துவிட்டன. சர்வதேச சங்கத்தை இலட்சியவாதத்தின் தோல்வியடைந்த கனவு என்று மட்டும் கற்பிக்கும் வகுப்பில் இது எதுவும் தெரியவராது.

ஹோவர்டில் நடந்த வகுப்புகள்

இதையெல்லாம் அப்போதே யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். கவனித்தார்கள், எழுதினார்கள், கற்பித்தார்கள். வாஷிங்டனில் கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓர் அறிஞர் கூட்டமே இருந்தது.

தத்துவப் பேராசிரியர் அலைன் லாக் 1915, 1916 ஆண்டுகளில் இனங்களின் தொடர்பு பற்றித் தொடர் சொற்பொழிவுகள் நடத்தினார். இனம் உயிரியல் உண்மை இல்லை, அதிகாரம் உருவாக்கும் சமூக உண்மை என்று அன்றே வாதிட்டார். ஹோவர்டில் கற்பித்த ரால்ஃப் பன்ச் 1934இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆப்பிரிக்காவில் பிரான்ஸ் ஆண்ட இரண்டு பகுதிகளை அவர் ஒப்பிட்டார். டோகோலாந்து சர்வதேச சங்கத்தின் பொறுப்பில் பிரான்ஸிடம் ஒப்படைக்கப்பட்ட பகுதி, டஹோமி நேரடிக் காலனி. ஒன்றில் ‘புனிதப் பொறுப்பு’, மற்றதில் அது இல்லை. மக்களின் வாழ்க்கையில் என்ன வித்தியாசம் என்று நேரில் போய்ப் பார்த்து எழுதிய ஆய்வு அது. பிற்பாடு ஐ.நா.வில் பணியாற்றி, பாலஸ்தீனத்தில் போர்நிறுத்தத்துக்கு வழிசெய்து, 1950இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பலரும் அறிவார்கள். அவருடைய ஆய்வைக் கோட்பாட்டு வகுப்பில் யாரும் படிக்கச் சொல்வதில்லை.

மெர்ஸ் டேட் என்ற பெண்மணி ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கப் பெண். ஆயுதக் குறைப்பு முயற்சிகளின் வரலாற்றை எழுதினார். பல ஆண்டுகள் ஹோவர்டில் கற்பித்தார். எரிக் வில்லியம்ஸும் அங்கே ஆசிரியராக இருந்தவர்தான். அடிமை வணிகத்துக்கும் பிரிட்டனின் தொழில்மயத்துக்கும் உள்ள தொடர்பை 1944இல் நூலாக எழுதிய அவர், பின்னாளில் டிரினிடாட் டொபேகோவின் பிரதமரானார்.

இவர்களை ஒரு சிந்தனைப் பள்ளியாக அரசியல் அறிஞர் ராபர்ட் வைட்டாலிஸ் 2015இல் நூலாக எழுதி முன்வைத்தபோது துறைக்குள் பலருக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு துறை தன் சொந்த ஆசிரியர்களை மறந்திருக்கிறது என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அந்த வகுப்புகளில் உட்கார்ந்து படித்தவர்கள் உலகை எப்படிப் புரிந்துகொண்டார்களோ, அந்தப் புரிதலுக்குத் துறையின் மற்ற வகுப்பறைகளில் வாரிசு இல்லாமல் போனது.

பேச்சு எப்போது நின்றது

1945க்குப் பிறகு. நாஜிகள் செய்த படுகொலைக்குப் பின் இன அறிவியல் என்று பேச யாருக்கும் முகம் இல்லை. காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலை அடைந்தன. 1960இல் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள். பனிப்போரில் சோவியத் ஒன்றியத்துக்கு எதிராகச் சுதந்திரம் பேசிய அமெரிக்காவுக்குச் சொந்த நாட்டின் நிறப் பாகுபாடு பெரிய தலைகுனிவாக இருந்தது. துறையும் தன்னை அறிவியலாகக் காட்டிக்கொள்ள விரும்பியது. அரசுகள் எல்லாம் ஒரே மாதிரி அலகுகள், வேறுபடுவது பலம் மட்டும் என்ற மாதிரி அதற்கு வசதியாக இருந்தது.

பேச்சு நின்றாலும் விவகாரம் நிற்கவில்லை. 1946இல் ஐ.நா. பொதுச்சபையின் முதல் ஆண்டிலேயே இந்தியா ஒரு புகார் கொண்டுபோனது. தென்னாப்பிரிக்கா அந்த ஆண்டு கொண்டுவந்த சட்டம், அங்கே குடியேறியிருந்த இந்தியர்கள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தியது. 1860இலிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அவர்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் போன குழு வழக்கை முன்வைத்தது. இது எங்கள் உள்நாட்டு விவகாரம், இதில் தலையிட ஐ.நா.வுக்கு உரிமை இல்லை என்றது தென்னாப்பிரிக்கா. டிசம்பர் 8 அன்று பொதுச்சபை 32க்கு 15 என்ற வாக்கில் இந்தியாவின் பக்கம் நின்றது.

தென்னாப்பிரிக்காவின் சார்பில் வாதாடியவர் பிரதமர் யான் ஸ்மட்ஸ். ஓராண்டுக்கு முன்புதான் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தின் முகவுரையை எழுதுவதில் முக்கியப் பங்கு வகித்தவர். மனித உரிமை பற்றிய அந்த அழகிய வரிகளும், இந்தியருக்கு நிலம் கிடையாது என்ற சட்டமும் ஒரே மனிதரின் அரசியலில் முரண்பாடின்றி இருந்திருக்கின்றன. சர்வதேச சங்கச் சாசனத்தின் 22ஆவது பிரிவு கொண்டுவந்த பொறுப்பாட்சி ஏற்பாட்டுக்கு யோசனை கொடுத்தவர்களில் ஒருவரும் அவரே. இறையாண்மை, மனித உரிமை, உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாமை ஆகிய மூன்று பாடங்களையும் இந்த ஒரு வழக்கை வைத்தே நடத்தலாம்.

வழக்கமான பாடங்கள் எப்படி மாறும்

இறையாண்மையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்டியின் அடிமைகள் புரட்சி செய்து 1804இல் விடுதலையை அறிவித்தார்கள். அரசுக்கு வேண்டிய எல்லாம் அவர்களிடம் இருந்தது: நிலம், மக்கள், படை, ஆட்சி. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, அங்கீகாரம் வேண்டுமானால் 15 கோடி ஃபிராங்க் கொடு என்றது. இழந்த சொத்துக்கு ஈடு என்று சொல்லப்பட்ட அந்தத் தொகையின் கணக்கில் விடுதலை பெற்ற மனிதர்களும் சொத்தாகவே சேர்க்கப்பட்டிருந்தார்கள். பின்னர் தொகை குறைக்கப்பட்டாலும் கடன் பல தலைமுறைகள் தொடர்ந்தது. பக்கத்திலேயே இருந்த அமெரிக்கா 1862வரை ஹைட்டியை ஒரு நாடாகவே ஏற்கவில்லை. இன்று ஹைட்டியைத் ‘தோல்வியுற்ற அரசு’ என்ற தலைப்பில் கற்பிக்கிறோம். அந்த வகுப்பு 1825இல் தொடங்க வேண்டும்.

போர்ச் சட்டம் இன்னொன்று. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதச் சாலையில் உருவான தோட்டா, உடலுக்குள் போனதும் விரிந்து பெரிய காயத்தை உண்டாக்கும். 1899இல் ஹேக் மாநாட்டில் அதைத் தடை செய்யும் பேச்சு வந்தபோது பிரிட்டனின் பிரதிநிதி ஜான் ஆர்டா எதிர்த்தார். நாகரிகப் போர்வீரன் அடிபட்டால் விழுந்துவிடுவான், காட்டுமிராண்டி சாதாரணத் தோட்டா பட்டாலும் ஓடி வந்துகொண்டே இருப்பான், அவனை நிறுத்த இந்தத் தோட்டா வேண்டும் என்பது அவர் வாதம். தடை நிறைவேறியது. ஆனால் கையெழுத்திட்ட நாடுகள் தமக்குள் நடத்தும் போருக்கு மட்டுமே அது பொருந்தும் என்று எழுதினார்கள். காலனிப் போர்கள் வெளியே நின்றன.

அமைதி பற்றிய பாடமும் அப்படித்தான். 1815 முதல் 1914 வரை ஐரோப்பாவின் நூறாண்டு அமைதி என்றும், 1945க்குப் பின் வந்தது ‘நீண்ட அமைதி’ என்றும் சொல்லித் தருகிறார்கள். ஹவாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கரன் கிருஷ்ணா 2001இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைக் கேள்வி கேட்கிறது. அந்த நூறு ஆண்டுகளில்தான் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் காலனிப் போர்கள் இடைவிடாமல் நடந்தன. அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது தற்செயல் இல்லை, நிகழ்வுகளிலிருந்து பொதுக் கோட்பாட்டை வடிக்கும்போது எதை விடுவது என்று கற்றுக்கொண்ட மறதி என்கிறார் அவர். பனிப்போருக்கும் இது பொருந்தும். கொரியா, அல்ஜீரியா, வியட்நாம், அங்கோலா மக்களிடம் ‘நீண்ட அமைதி’ என்று சொல்ல முடியாது.

அணு ஆயுதப் பாடத்தில், பதிலடிக்கு அஞ்சி எதிரி தாக்கத் தயங்குவான் என்ற தடுப்புக் கோட்பாடு கற்பிக்கப்படுகிறது. வெடித்துப் பார்த்த இடங்களின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தால் வேறொரு பாடம் கிடைக்கும். அமெரிக்கா 1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளில் 67 முறை வெடித்தது. பிரான்ஸ் அல்ஜீரியப் பாலைவனத்தில் 17, பிறகு பாலினேசியாவில் 193. பிரிட்டன் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நிலமான மரலிங்காவில். சோவியத் ஒன்றியம் கசாக் மக்களின் நிலத்தில். அமைதி காத்த ஆயுதம் என்று சொல்லப்படுவதன் செலவை யார் தலையில் கட்டினார்கள் என்று அந்த வரைபடமே சொல்லும்.

அகதிகள் பாடத்தில் ஒரு வரி போதும்: 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை அந்த ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகளால் அகதியானவர்களுக்கு மட்டும் பொருந்தியது, ஐரோப்பிய நிகழ்வுகளுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொள்ளவும் நாடுகளுக்கு வாய்ப்பு தந்தது. 1967இல்தான் அந்தக் கால வரம்பும் இட வரம்பும் நீங்கின.

எதிர்வாதங்கள்

இதையெல்லாம் எல்லோரும் ஏற்கவில்லை. சில ஆட்சேபங்கள் வலுவானவை.

முதலாவது, காரணம் இனமா, பொருளாதாரமா என்பது. ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டது ரப்பருக்கும் கனிமத்துக்கும்தான், இனம் அதற்குப் பூசிய சாயம் என்று சொல்பவர்கள் உண்டு. டு பாய்ஸே இரண்டையும் பிரிக்கவில்லை என்பது என் பதில். குறைந்த கூலிக்கு யாரை வேலை வாங்கலாம் என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்தபோது, இலாபக் கணக்கும் இனப் படிநிலையும் ஒரே கணக்காகிவிட்டன.

இரண்டாவது, இனம் என்பது அமெரிக்க அனுபவத்தின் அளவுகோல், அதை உலகம் முழுவதற்கும் நீட்டுவது இன்னொரு ஆதிக்கம் என்ற வாதம். இதை நான் மதிக்கிறேன். கொரியாவில் ஜப்பான் செய்ததை நிறத்தை வைத்து மட்டும் விளக்க முடியாது. சாதியும் இப்படித்தான். 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று தலித் அமைப்புகள் போராடின. சாதி இனம் இல்லை என்று இந்திய அரசு எதிர்த்தது. ஆனால் 1965ஆம் ஆண்டின் இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையில் ‘வம்சாவளி’ என்ற சொல்லும் இருக்கிறது. சாதி அதில் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2002இல் விளக்கம் கொடுத்தது. வெள்ளையர் ஆதிக்கத்தைப் பற்றிச் சரளமாகப் பேசிவிட்டுச் சாதி என்றதும் உள்நாட்டு விவகாரம் என்று சொல்பவர், 1946இல் ஸ்மட்ஸ் சொன்ன பதிலைத்தான் சொல்கிறார். பிறப்பை வைத்துத் தரம் பிரிக்கும் ஏற்பாடுகளை ஒப்பிட்டுப் படிக்கும் வகுப்பு இரண்டையும் பேச வேண்டும்.

மூன்றாவது சண்டை கோட்பாடுகளைப் பற்றியது. ஒரு விஷயத்தைப் பாதுகாப்புப் பிரச்சினை என்று அரசு அறிவிப்பதன் மூலம் அசாதாரண அதிகாரங்களை எடுத்துக்கொள்கிறது என்று விளக்கும் கோட்பாடு ஒன்று உண்டு. சாதாரண அரசியல் என்பது நாகரிக ஐரோப்பாவின் இயல்பு, அதற்கு வெளியே காட்டுநிலை என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது என்று அலிசன் ஹவலும் மெலனி ரிக்டர்-மான்ட்பெட்டிட்டும் எழுதினார்கள். அந்தக் கோட்பாட்டை உருவாக்கிய ஓலே வேவரும் பேரி புசானும், எங்கள் எழுத்தைத் திரித்துப் படித்திருக்கிறார்கள் என்று 2020இல் கடுமையாக மறுத்தார்கள். இரண்டு பக்கத்துக் கட்டுரைகளையும் மாணவர்கள் படிக்க வேண்டும். எந்தக் கோட்பாட்டிலும் குற்றம் கண்டுபிடிப்பது எளிது. அந்தக் குற்றம் கோட்பாட்டின் எலும்பில் இருக்கிறதா, அதை எழுதியவர் எடுத்த உதாரணத்தில் மட்டும் இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதுதான் பயிற்சி.

பத்தாவது வாரம் போதாது

2015இல் கேப் டவுன் பல்கலைக்கழக மாணவர்கள் பிரிட்டிஷ் காலனி ஆட்சியாளர் செசில் ரோட்ஸின் சிலையை அகற்றக் கோரிப் போராடி வென்றார்கள். 2020இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் பன்னாட்டு விவகாரப் பள்ளியிலிருந்து வில்சனின் பெயரை நீக்கியது. இவற்றின் தாக்கத்தில் பல துறைகள் பாடத்திட்டத்தைத் திருத்தின. வழக்கமாக நடந்தது என்னவென்றால், யதார்த்தவாதம், தாராளவாதம் எல்லாம் பழையபடி நடக்கும். பத்தாவது வாரத்தில் ‘பின்காலனியமும் இனமும்’ என்று ஒரு வகுப்பு சேரும். கட்டி முடித்த வீட்டுக்கு ஒட்டுத் திண்ணை போடுவது போன்ற வேலை இது. தேர்வு நெருங்கும் நேரத்தில் வரும் வாரம் என்பதால் பல மாணவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

புதிதாகப் பாடம் அமைக்கும் ஆசிரியருக்கு நான் சொல்வது, வாரத்தைக் கூட்ட வேண்டாம், ஏற்கெனவே உள்ள வாரங்களுக்குள் வேலை செய்யுங்கள் என்பதே. துறையின் பிறப்பைச் சொல்லும் வாரத்தில் 1910ஆம் ஆண்டு இதழைச் சேருங்கள். ஏகாதிபத்தியம் பற்றிய வாரத்தில் லெனினுக்கு முன்னால் டு பாய்ஸின் கட்டுரையை வையுங்கள். பத்துப் பதினைந்து பக்கம்தான். சர்வதேச சங்க வாரத்தில் 22ஆவது பிரிவை வகுப்பிலேயே உரக்கப் படியுங்கள். வால்ட்ஸை விட வேண்டியதில்லை. அவருடைய மாதிரியில் அரசுகள் ஒரே மாதிரி அலகுகள்; எந்த ஆண்டிலிருந்து, யார் அனுமதித்த பிறகு அவை அலகுகள் ஆயின என்ற கேள்வியோடு படிக்கச் சொன்னால் போதும்.

தேர்வுத் தாளும் மாற வேண்டும். மாணவர் எதைப் படிப்பார் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ‘சர்வதேச சங்கம் தோல்வியடைந்ததற்கான காரணங்களை விவரி’ என்ற கேள்வி பல ஆண்டுகளாகக் கேட்கப்படுகிறது. அதற்கு மனப்பாடமாக ஒரு விடையும் இருக்கிறது. அதற்குப் பதில் இப்படிக் கேட்கலாம்: ‘1919 ஏப்ரல் 11 அன்று 17இல் 11 பேர் ஆதரித்த திருத்தம் ஏன் நிறைவேறவில்லை? சர்வதேச சங்கம் எந்த வகை உலக ஒழுங்கைக் காக்க அமைக்கப்பட்டது என்பதை இந்த நிகழ்வையும் 22ஆவது பிரிவையும் கொண்டு ஆராய்க. கொரியாவில் ஜப்பான் நடந்துகொண்ட விதம் உங்கள் விடையை எப்படி மாற்றுகிறது?’